இரண்டு விசில்

நான் ஒரு பெண்கள் காலேஜில் மார்க்கராக வேலை பார்த்தவள். மார்க்கர் என்றால் என்ன வேலை என்று பலருக்கும் தெரியாது. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் துணையாகப் போவது எல்லாம் அதில் வரும். அப்பா அதே காலேஜில் வாட்ச்மேனாக இருந்தார். அவர் இறந்த பிறகு பத்தாம் வகுப்பு பாஸான எனக்கு அந்த வேலையைக் கொடுத்தார்கள். முழங்கால் தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதால், ஓய்வு வயதுக்கு முன்பே போன வருஷம் வேலையை விட எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறேன்.

போன மாதம், என் இடத்துக்கு வந்திருக்கும் ஷீபா போன் செய்தாள். புதிதாக விளையாட்டு ஆசிரியையாக வந்த பி.டி. மேடம், நின்றுபோன கிராஸ் கன்ட்ரி டீமை மறுபடி தொடங்கப் போகிறாராம்.

"லீலாக்கா, அந்த டீம் எதுக்கு நின்னு போச்சு? இங்க ஒருத்தருக்கும் தெரியல. ஒரு நாள் வந்து மேடத்துக்கிட்ட பேசுங்களேன்."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. ஒரு ஆள் முன்னால் பேசுவதே கஷ்டம். எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தெம்பு கொடுக்கிற மாதிரி இதில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் நடந்ததைத்தான் எழுத முடியும்.

என்னை வேலைக்குப் பழக்கியவர் எஸ்தர் மேடம். நான் இருந்த காலத்தில் பெரும்பகுதி அவர்தான் பி.டி. உயரமான ஆள். பருத்திச் சேலையும் கேன்வாஸ் ஷூவும்தான் எப்போதும். சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. ஒரு பிள்ளை என்னதான் நன்றாக ஓடினாலும், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "நாளைக்கு" என்பார். மோசமாக ஓடினாலும் அதே "நாளைக்கு"தான். புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதைக் கேட்டு அழும். பழகின பிள்ளைகள் அந்த ஒரு சொல்லில் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சிரிக்கும்.

கிராஸ் கன்ட்ரி டிராக்கில் ஓடுவது இல்லை. மேடு, பள்ளம், சேறு, தோட்டம் என்று பத்து கிலோமீட்டர். ஒரு காலேஜுக்கு ஆறு பிள்ளைகள். அவர்கள் வந்து சேரும் இடங்களைக் கூட்டுவார்கள், கூட்டல் குறைந்த காலேஜுக்குக் கோப்பை. அது டீம் கணக்கு. அதோடு, எந்தக் காலேஜாக இருந்தாலும் முதல் ஆறு இடத்துக்குள் வருகிற பிள்ளைகள் யுனிவர்சிட்டி டீமில் வெளி மாநிலத்துக்குப் போவார்கள். வருஷத்தில் ஒரே ஒரு போட்டி. ஜூனில் தொடங்கி மழையில் முடியும். சீசன் முழுவதும் ஓடுவது அந்த ஒரு காலைக்காகத்தான்.

காலையில் மேடம் வந்ததும் முதலில் பார்ப்பது பிள்ளைகளின் கால்களை. ஸ்டோர் ரூம் படியில் ஆறு பேரும் ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையாக உட்கார வேண்டும். மேடம் கீழே குந்தி, கையில் சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாகப் பார்ப்பார். நகம் வெட்டியிருக்கிறதா, குதிகால் வெடித்திருக்கிறதா, விரலிடுக்கில் சேற்றுப்புண் உண்டா. பிறகு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே போவார். "வலிக்குதா" என்று கேட்க மாட்டார். கேட்டால் எல்லாப் பிள்ளையும் இல்லை என்றுதான் சொல்லும். கண் இமை துடித்தால் போதும். "நீ இன்னைக்கு லீலாகூட இரு" என்பார். அந்தப் பிள்ளை என்னோடு கொடி நட வேண்டியதுதான். எவ்வளவு கெஞ்சினாலும் நடக்காது. கால் பார்த்து முடிந்ததும் ஆளுக்கொரு மட்டி வாழைப்பழம், அரை டம்ளர் பால் விடாத கட்டன் சாயா. அப்புறம் சானல்கரை.

எங்கள் காலேஜுக்குப் பின்னால் பாசனக் கால்வாய் போகிறது, அதைத்தான் சானல் என்போம். அதன் கரையோடு போனால் இரண்டு பக்கமும் வயல், தூரத்தில் சுசீந்திரம் கோபுரம். ஓடுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத இடம். காலையில் அங்கே பைக்கில் சுற்றுகிற பயல்கள் உண்டு. முன்னொரு வருஷம், கூட்டத்தைவிட்டுப் பின்தங்கிய ஒரு பிள்ளையை இரண்டு பயல்கள் வழி மறித்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை ஓட்டத்தையே விட்டுவிட்டது. அதற்குப் பிறகு மேடம் கொண்டுவந்ததுதான் விசில் முறை.

மேடம் ஸ்கூட்டரில் பின்னால் வருவார். நான் சைக்கிளில் நடுவில் போவேன். வேகமாக ஓடும் பிள்ளை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் முன்னால் போகலாம். ஆனால் பின்னால் வரும் பிள்ளை தனியாகிறது என்று தெரிந்தால் மேடம் இரண்டு விசில் அடிப்பார். கேட்ட அந்த நிமிஷமே எல்லோரும் திரும்பி ஓடிவந்து, கடைசியாக வரும் பிள்ளைக்குப் பின்னால் போய், மறுபடி அங்கிருந்து ஓட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக்கூடாது. இன்னும் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்புகிறேன் என்றும் சொல்லக்கூடாது. இதனால் வேகமான பிள்ளைக்குக் கூடுதல் தூரம் கிடைக்கும், மெதுவான பிள்ளைக்குக் காவல் கிடைக்கும். அந்த முறை வந்த பிறகு எங்கள் பிள்ளைகளை ஒரு பயலும் தொட்டதில்லை. பெற்றவர்கள் நம்பி அனுப்பினார்கள்.

நான் சொல்ல வருவது அஜிதா மூன்றாம் வருஷம் படித்த சீசனைப் பற்றி.

அஜிதா கீரிப்பாறைப் பிள்ளை. அவள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள். அவள் வந்து சேருவதற்காகவே மேடம் பிராக்டீஸை அரை மணி நேரம் தள்ளி வைத்திருந்தார். மெலிந்த பிள்ளை. ஏற்றத்தில் மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும்போது இவள் வாயை மூடிக்கொண்டு ஓடுவாள். அதிகம் பேச மாட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேச சபீனா இருந்தாள். கோட்டாறில் அவள் வாப்பாவுக்கு மளிகைக் கடை. தலையில் ஸ்கார்பைக் கட்டிக்கொண்டு எப்போதும் கடைசியாகத்தான் வருவாள். ஆறாவது ஆள் இல்லாமல் டீமே இல்லை என்பதால் மேடம் அவளைச் சேர்த்திருந்தார். அது அவளுக்கும் தெரியும்.

"நான் இல்லண்ணா நீங்க எல்லாரும் வெறும் காத்து வாங்கப் போறவளுவதான், கேட்டியளா? ஆறாவது ஆளுக்கு ஒரு மரியாதை வேணும்" என்பாள்.

நேரத்தைச் சத்தமாகச் சொல்வது என் வேலை. என் சத்தம் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. சபீனா எனக்கு 'சைலன்சர் அக்கா' என்று பெயர் வைத்திருந்தாள். "அக்கா, நேரத்த எழுதிக் காட்டுங்க, இல்லண்ணா கனவுல வந்து சொல்லுங்க" என்று கூவிக்கொண்டே என்னைத் தாண்டிப் போவாள்.

அந்த சீசன் தொடக்கத்தில் அஜிதாவின் அப்பா ஒரு நாள் காலேஜுக்கு வந்தார். சட்டையைச் சலவை செய்து போட்டிருந்தார். அப்படியும் ரப்பர்பால் மணம் போகவில்லை. மேடம் நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"மேடம், அருமனையில ஒரு கூட்டர் இவளப் பொண்ணு கேட்டு வந்துட்டுப் போயிருக்காவ. நல்ல கூட்டர்தான். இவ என்னண்ணா, யுனிவர்சிட்டி டீம்ல வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டால பி.டி. படிப்புக்கு சீட்டு கெடைக்கும்ண்ணு சொல்லுதா. அது நெசமா?"

"நிஜம்தான். யுனிவர்சிட்டிக்கு ஓடியிருக்கணும். இல்லன்னா அந்தக் கோட்டா இல்ல."

"வந்தா நான் படிக்க வைக்கேன். அவுங்ககிட்ட நானே சொல்லிக்கிடுவேன். வரலண்ணா அப்புறம் என்னத்தச் சொல்லி நிறுத்த?"

மேடம் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஆறுக்குள்ள வருவா" என்றார். எந்தப் பிள்ளைக்கும் அவர் அப்படி வாக்குக் கொடுத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. வாசலில் நின்ற அஜிதாவும் கேட்டாள்.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. சேற்றிலும் மழையிலும் ஓடினார்கள். அஜிதாவின் எலும்பை மேடம் அழுத்தும்போது நானும் அவள் கண்ணையே பார்ப்பேன். ஒரு நாளும் துடிக்கவில்லை. சானல்கரையில் அவள் முன்னால் போய் ஒரு புள்ளியாகத் தெரிவாள். இரண்டு விசில் கேட்டதும் அந்தப் புள்ளி நின்று, திரும்பி, பெரிதாகிக்கொண்டே வரும். ஒரு தடவைகூட அவள் முகம் சுளித்ததில்லை. சபீனாதான் சலித்துக்கொள்வாள். "எனக்காண்டி இவ திரும்புறத பாத்தா எனக்கே வெப்ராளமா வருகு. ஏட்டி, நீ போயிட்டே இரு, என்ன நாய் கடிச்சா நான் திருப்பிக் கடிச்சுக்கிடுதேன்." மேடம் காதில் விழும்படிதான் சொல்வாள். மேடம், "விசில் கேட்டா திரும்பணும்" என்பார். அவ்வளவுதான்.

போட்டி அருமனைப் பக்கம் ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் நடந்தது. முந்தின நாள் மழை பெய்து மண் செஞ்சேறாகக் கிடந்தது. மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் குறைவு, கொசு அதிகம். மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். தோட்டத்தைச் சுற்றி நாலு சுற்று. ஒவ்வொரு காலேஜிலிருந்தும் ஒரு ஆள் வளைவில் கொடி பிடிக்க வேண்டும் என்றார்கள். எனக்குக் கிடைத்த இடம், தோட்டத்து வண்டிப்பாதை ஓடும் பாதையைக் குறுக்கே வெட்டும் முக்கு. என்னோடு அந்தத் தோட்டத்து வாச்சர் ஒருத்தர் நின்றார். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். வண்டி வந்தால் நிறுத்த வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

முதல் சுற்றில் அஜிதா எட்டாவதாகப் போனாள். மேடம் சொல்லிக் கொடுத்தபடிதான். இரண்டாவது சுற்றில் ஆறாவது. மூன்றாவது சுற்றில் என்னைத் தாண்டும்போது நாலாவது. வாய் மூடியிருந்தது. அவளுக்கு முன்னால் போன மூன்று பிள்ளைகளுக்கும் வாய் திறந்திருந்ததை நான் பார்த்தேன். இன்னும் ஒரு சுற்றுதான். நம் மற்ற நாலு பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். சபீனா இன்னும் வரவில்லை.

அப்போது மேட்டிலிருந்து டிராக்டர் இறங்கியது. பின்னால் ரப்பர்பால் பீப்பாய்கள். சேற்றில் சறுக்கிக்கொண்டு வந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தும் நிற்கவில்லை. வாச்சர் கையை விரித்துக்கொண்டு நடுப்பாதைக்கு ஓடி, பலமாக இரண்டு விசில் அடித்தார்.

டிராக்டர் நின்றது. நான் பாதையைத் திரும்பிப் பார்த்தேன். அஜிதாவும் நின்றிருந்தாள்.

அவள் யோசித்த மாதிரியே தெரியவில்லை. காலை ஊன்றினாள், திரும்பினாள், சானல்கரையில் எப்படி வருவாளோ அப்படியே கீழ்நோக்கி ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் இருந்த நம் பிள்ளைகள் நாலு பேரும் திரும்பினார்கள். எதிரே மற்ற காலேஜ் பிள்ளைகள் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களுக்கு ஊடே, எதிர்த் திசையில், வழிவிட்டு வழிவிட்டு இறங்கினார்கள். ஒரு பிள்ளை, "ஐயோ, வழி மாறிப்போச்சா?" என்று பயந்து கேட்டுவிட்டு ஓடியது. நான் கொடியை மேல்பக்கம் வீசி வீசிக் கத்தினேன். உள்ள பலத்தையெல்லாம் கூட்டித்தான் கத்தினேன். டிராக்டர் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அஜிதா என்னைப் பார்க்கவே இல்லை. பின்னால் வருகிற ஆளைத் தேடி அவள் கண் எனக்கு அப்பால் இருந்தது.

அவளை நிறுத்தியது சபீனாதான். அவள்தான் கடைசி. விசில் கேட்டால் திரும்ப வேண்டிய அவசியம் இல்லாதவள் அவள் ஒருத்திதான். வளைவில் வந்தவள், தன்னை நோக்கி அஜிதா இறங்கி வருவதைக் கண்டு அலறினாள்.

"ஏ மூதி! இது ரேஸ்ட்டி! எங்கோட்டுட்டி வார? ஓடுட்டி! மேல ஓடுட்டி!"

அஜிதா நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். சானல் இல்லை, வயல் இல்லை, மரம் மரமாக நின்றது. அந்த முகத்தை நான் மறக்க முயன்றிருக்கிறேன். பிறகு திரும்பி ஓடினாள்.

அந்தக் கடைசிச் சுற்றில் அவள் ஓடிய மாதிரி நான் எந்தப் பிள்ளையும் ஓடிக் கண்டதில்லை. என்னைத் தாண்டும்போது வாய் திறந்திருந்தது. ஒவ்வொருவராக முந்திக்கொண்டு போனாள். முடிவுக் கோட்டில் ஆறாவது பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் இருந்திருக்காது என்று பிறகு சொன்னார்கள். அவள் ஏழாவது.

நான் கொடியோடு போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் மேடம் ரூல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ரெஃபரி மேஜைக்குப் போயிருந்தார். நடந்ததை ரெஃபரியிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பதால் என்னையும் கூப்பிட்டார். நான் சொன்னேன். ரெஃபரி வயதானவர், வேறொரு காலேஜ் பி.டி. நல்ல மனிதர். முழுவதும் கேட்டார்.

"மேடம், விசில் அடிச்ச ஆள் அஃபிஷியல் இல்ல. பாதையை யாரும் மாத்தல. உங்க பிள்ளையை யாரும் தடுக்கல, தள்ளல. அவங்களாவே திரும்பியிருக்காங்க. நான் என்னன்னு எழுத?"

மேடம் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. "சரி சார்" என்றார்.

"எதுக்கு மேடம் திரும்பினாங்க?"

"நான் அப்படிப் பழக்கியிருக்கேன்."

நாங்கள் திரும்பி நடந்தபோது வாச்சர் எதிரே ஓடி வந்தார். யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "அம்மா, வண்டி சறுக்கிச்சு, பிள்ளையளுக்க மேல கேறிரும்ண்ணு நெனச்சு…" என்று கையைக் கூப்பினார். மேடம் அவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "நீங்க செய்தது சரிதான்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. யாரையாவது குறை சொல்ல முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வேனில் எல்லோரும் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம். சபீனாதான் பொறுக்க முடியாமல், "மேடம், அடுத்த வருஷம் எல்லாரும் பின்னாலயே ஓடுவோம். ஒரு விசில் அடிச்சா நாமதான் ஃபர்ஸ்ட்" என்றாள். டிரைவர் மட்டும் சிரித்தார். சிரித்துவிட்டு, கண்ணாடியில் எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இறங்கும்போது மேடம் வழக்கம்போல "நாளைக்கு" என்பார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

ஏழாவது ஆள் ஸ்டாண்ட்பை. ஆறு பேரில் யாருக்காவது முடியாமல் போனால் ஏழாவது ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த ஆறு பேரும் ரயில் ஏறும் வரை பயிற்சி முகாமில் இருப்பார்கள். அதுவரை அஜிதாவும் தயாராக இருக்க வேண்டும் என்றார் மேடம். மற்ற பிள்ளைகளுக்கு சீசன் முடிந்துவிட்டது. சபீனா மட்டும், "தனியா ஓடினா இவ ஊமையாயிருவா" என்று துணைக்கு வந்தாள்.

முதல் நாள் காலை மேடம் கழுத்தில் விசில் இல்லை. ஸ்டோர் ரூம் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்து நீட்டினேன். "வேண்டாம் லீலா" என்றார். "அவ திரும்பிப் பாக்காம ஓடப் பழகட்டும்." அந்த வாரம் முழுக்க அவருக்கு பிரின்சிபால் ரூமில் காலையிலேயே மீட்டிங். என்னைச் சைக்கிளில் அஜிதாவோடு ஒட்டிப் போய் நேரம் பார்க்கச் சொன்னார்.

நாலைந்து நாள் அப்படி ஓடினோம். அஜிதா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நன்றாகத்தான் ஓடினாள். அதற்கடுத்த நாள் திரும்பும் இடத்துக்குப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். சபீனா வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு அஜிதா ஓடத் தொடங்கினாள். நான் பின்னால் மிதித்தேன்.

சபீனா வயலுக்குள் நின்றாள். முழங்கால் வரை சேறு. தலையில் ஸ்கார்ப் இல்லை. இரண்டு பைக்கில் வந்தவர்கள் ஸ்கார்பைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். விழுந்தவள் எழுந்து வயலுக்குள் இறங்கிவிட்டாள். அவர்கள் கரையில் நின்று பேசக்கூடாததெல்லாம் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அஜிதா சேற்றில் இறங்கி அவளைப் பிடித்தாள். என் தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சபீனா தலையில் போட்டேன். கேலியாக ஏதாவது சொல்லமாட்டாளா என்று காலேஜ் கேட் வரை எதிர்பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் அவள் வாப்பா வந்தார். சண்டை போடவில்லை. சண்டை போட்டிருக்கலாம்.

"மேடம், ஓட்டத்துக்குப் பிள்ளைய விடாதேண்ணு எல்லாரும் சொன்னாவ. அந்த விசில் முறைய எம்பிள்ளை வீட்டுல வந்து சொன்னா. அத நம்பித்தான் விட்டேன்."

மேடம் எழுந்து நின்றுகொண்டிருந்தார். சபீனாவின் வாப்பா போன பிறகும் அப்படியே நின்றார். அந்த வாரமே நிர்வாகம், காம்பவுண்டுக்கு வெளியே எந்தப் பிள்ளையும் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டது. மைதானத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி கிராஸ் கன்ட்ரிக்குப் பழக முடியாது. டீம் நின்றது அப்படித்தான். விசில் இருந்து அஜிதாவின் இடம் போனது, விசில் இல்லாமல் சபீனாவின் காவல் போனது. இரண்டையும் காப்பாற்றும் வழி எனக்கு இன்றுவரை தெரியவில்லை. புதிய மேடத்துக்குத் தெரிந்தால் நல்லது.

ரயிலுக்கு மூன்று நாள் இருக்கும்போது முகாமிலிருந்து போன் வந்தது. ஆறில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். அனுப்புவது சந்தேகம், உங்கள் பிள்ளையைப் பையோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள் என்றார்கள். மேடம் என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் இரண்டு பேர் மனதிலும் இருந்தது ஒன்றுதான். அன்று சாயங்காலம் சுசீந்திரம் கோயிலுக்குப் போனேன். இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விடக்கூடாது என்று எப்படிக் கேட்பது? சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

நாகர்கோவில் ஸ்டேஷனில் அஜிதாவும் அப்பாவும் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். புதுப் பை. அப்பா அதைக் கீழே வைக்காமல் தோளிலேயே போட்டிருந்தார். ஐந்து பிள்ளைகள் வந்து ஏறினார்கள். ஆறாவது பிள்ளையைக் காணவில்லை. ரயில் புறப்படும் நேரம் நெருங்க நெருங்க, முகாம் கோச் கையிலிருந்த டிக்கெட்டையும் அஜிதாவையும் மாறி மாறிப் பார்த்தார். அஜிதாவின் அப்பா பையை இறக்கி மகள் கையில் கொடுத்தார்.

அப்போது படிக்கட்டில் அந்தப் பிள்ளை வந்தது. போர்வை போர்த்தி, அம்மா கையைப் பிடித்து, மெதுவாக. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கோச், "உன்னால முடியுமா?" என்றார். "முடியும் சார்" என்றது. "காய்ச்சல் விட்டாச்சு சார், மாத்திரை இருக்கு" என்றாள் அம்மா. பொய் என்று எல்லோருக்கும் தெரிந்தது. கோச் மேடத்தைப் பார்த்தார். அந்தப் பிள்ளை ஆறுக்குள் வந்தவள், ஸ்டேஷனுக்கும் வந்துவிட்டாள். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்?

அந்தப் பிள்ளைக்குப் பையைத் தூக்க முடியவில்லை. அஜிதா தன் பையைக் கீழே வைத்துவிட்டு, அதன் பையை வாங்கி ரயிலுக்குள் ஏற்றினாள். சீட் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு இறங்கினாள்.

ரயில் போன பிறகு அஜிதாவின் அப்பா என்னிடம் மெல்லக் கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்குச் சுகமில்லண்ணுல்லா சொன்னிய?"

"சுகமில்லதான்."

"பின்ன எதுக்கு அதப் பெத்தவ இழுத்துட்டு வாறா?"

"அவளுக்கும் வீட்டுல சொல்லியிருப்பாவ அப்பா" என்றாள் அஜிதா. "இதுல வந்தா படிக்க வைக்கேன்னு."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மேடம் முன்னால் நடந்து போய்விட்டார். அவர் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி நடந்தேன். அந்தப் பிள்ளை அங்கே பாதி ஓட்டத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

ரயில் போன மறுநாள் காலை நான் வழக்கம்போலக் கேட்டைத் திறந்து, கபடிக் களத்துக்குச் சுண்ணாம்பு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். படியில் அஜிதா உட்கார்ந்திருந்தாள். ஷூவைக் கழற்றி, காலை நீட்டி, மேடம் வந்து பார்ப்பதற்கு உட்காருகிற மாதிரியே. மேடம் அன்று லீவு.

"ஏம் மக்கா, இன்னைக்கு எதுக்கு வந்த?"

"தெரியலக்கா. பஸ் வந்துச்சு, ஏறிட்டேன்."

என்னிடம் மட்டிப்பழம் இருந்தது. ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டாள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது.

"வந்ததுக்கு ரெண்டு சுத்தாவது ஓடேன்" என்றேன்.

"எங்கக்கா ஓட?" என்றாள்.

நான் சுண்ணாம்புச் சாக்கை எடுத்துக்கொண்டு களம் போடப் போனேன். கயிறு கட்டி, நாலு பக்கமும் கோடு இழுத்து முடித்துவிட்டு வந்தபோது படியில் அவள் இல்லை. பழத்தை உரிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அந்த வருஷம் தை பிறந்த பிறகு அருமனையில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. எஸ்தர் மேடமும் நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.